“சுகர் எவ்வளவுங்க?” என்று மட்டும் கேட்காதீங்க!

திருச்செங்கோட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தால், பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். “சுகர் எவ்வளவுங்க?” முந்நூறு என்றால் முகம் சுருங்கும். நூற்று நாற்பது என்றால், “அப்பக் கன்ட்ரோல்லதான் இருக்குது, பயப்படாதீங்க” என்று ஆறுதல் வரும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பிரஷர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, டாக்டர் கடைசியாக உங்கள் காலைத் தொட்டுப் பார்த்தது எப்போது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும்தான். இரண்டுமே ரத்தக்குழாயில் தொடங்கும் நோய்கள். ஆறாத புண்ணால் காலை இழப்பதும், சிறுநீரகம் செயலிழப்பதும், கண்ணின் விழித்திரையில் ரத்தம் கசிவதும் அதே குழாய்களின் கதைதான். விரல் நுனியில் ஊசி குத்திப் பார்க்கிற அந்த ஓர் எண், இந்தக் கதையின் ஒரு பக்கத்தை மட்டுமே சொல்கிறது.

இந்த ஊரை வைத்து இதைப் பேசக் காரணம் இருக்கிறது. ராஜஸ்தானிலோ மத்தியப் பிரதேசத்திலோ ஒரு கிராமத்தில் போர் போடுகிற வண்டி நின்றால், அதன் பக்கவாட்டில் திருச்செங்கோடு என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ரிக் வண்டி கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும். பகலில் ஓரிடம், ராத்திரியில் வேறிடம், போர் போட ‘பாயின்ட்’ கிடைத்த நேரத்தில் வேலை. கூடவே வரும் சமையல்காரர் வடிக்கும் வெள்ளைச் சோறும் குழம்பும்தான் மூன்று வேளையும். கம்ப்ரஷர் ஓடும்போது கண் விழிக்க டீ, டீக்குத் துணையாகப் பீடியோ சிகரெட்டோ. லாரி ஓட்டுகிறவர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஊரில் இருப்பவர்களுக்கு விசைத்தறி. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், தறிகளுக்கு நடுவே நின்றபடியே வேலை, பலருக்கு வெறுங்கால். இடையிடையே சர்க்கரை போட்ட டீயும் போண்டாவும். ஓய்வில்லாமல் உழைக்கிற உடம்புக்கு நோய் வராது என்று நம்புகிற ஊர் இது. நின்றுகொண்டே இருப்பதும் தூக்கம் கெடுவதும் உடற்பயிற்சி ஆகாது.

குழாய் என்ற சொல்லைக் கேட்டதும் போர்வெல் ஊர்க்காரர்களுக்கு மனதில் வருவது பி.வி.சி. பைப். உப்புத் தண்ணீர் ஓடினால் உள்ளே காரை படியும், அடைக்கும், கழற்றித் தட்டினால் சரியாகிவிடும். ரத்தக்குழாயை அப்படி நினைத்துக்கொள்வதால்தான் ‘அடைப்பு எடுத்தாச்சு, இனி ஒன்றுமில்லை’ என்ற எண்ணம் வருகிறது. ரத்தக்குழாய்க்கு உயிர் உண்டு. அதன் உட்புறம் முழுக்க ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு விரிப்பு. எண்டோதீலியம் என்று பெயர். ரத்தம் வேகமாக ஓடும்போது அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயை விரிய வைக்கும். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். இப்படி ஒரு வாயு நம் குழாய்களுக்குள் வேலை செய்கிறது என்று கண்டறிந்ததற்காக 1998-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ரத்தத்தில் சர்க்கரை கூடிக்கொண்டே போனால் முதலில் அடி வாங்குவது இந்த விரிப்புதான். தசை செல்கள் இன்சுலின் அனுமதித்தால்தான் சர்க்கரையை உள்ளே விடும். எண்டோதீலிய செல்களுக்கு அந்தக் கதவு கிடையாது. வெளியே கூடினால் உள்ளேயும் கூடும். நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரிய மறுக்கிறது. இன்னொரு பக்கம், சர்க்கரை புரதங்களின் மேல் ஒட்டுகிறது. ஹீமோகுளோபினில் ஒட்டியதைத்தான் ஹெச்பிஏ1சி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறோம். சிவப்பணு ஏறக்குறைய 120 நாளில் அழிந்து புதிது வந்துவிடும். ஆனால் குழாய்ச் சுவரில் இருக்கிற கொலாஜன் புரதம் ஆண்டுக்கணக்கில் இருப்பது. அதில் ஒட்டிய சர்க்கரை இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகிறது. சுவர் விறைக்கிறது, பிரஷர் ஏறுகிறது. பழுதான விரிப்பின் வழியே கெட்ட கொழுப்பு சுவருக்குள் நுழைகிறது. அதை விழுங்க வந்த வெள்ளையணுக்கள் அங்கேயே தங்கி, கொழகொழவென்று ஒரு மேடாகின்றன. ஒருநாள் அந்த மேட்டின் மூடி கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. இதயத்தில் நடந்தால் மாரடைப்பு, மூளையில் நடந்தால் பக்கவாதம்.

இந்த ஆபத்து எவ்வளவு பெரிது? 2010-ல் ‘லான்செட்’ இதழில் ஒரு பெரும் தொகுப்பாய்வு வந்தது. 102 ஆய்வுகள், ஏறக்குறைய ஏழு லட்சம் பேர். வயது, புகை, பிரஷர், உடல் எடை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், சர்க்கரை நோய் உள்ளவருக்கு இதயக்குழாய் நோய் வரும் வாய்ப்பு இல்லாதவரைப் போல இரு மடங்கு. அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு இரு மடங்கையும் தாண்டியது. அதே ஆய்வு வேறொன்றையும் காட்டியது. சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம், வெறும் வயிற்றுச் சர்க்கரை 70-லிருந்து 100 வரை எங்கே இருந்தாலும் ஆபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நூறைத் தாண்டியதும் கோடு மெல்ல மேலே திரும்புகிறது. 100-110 இடையே இருப்பவர்களுக்குச் சுமார் பத்து சதவீதம் கூடுதல், 110-126 இடையே சுமார் பதினேழு சதவீதம். ‘பார்டர்லைன்தான், மாத்திரை தேவையில்லை’ என்று நாம் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்புகிற பகுதி இது. பீதியடையத் தேவையில்லை, மறந்துவிடவும் கூடாது.

நம் மக்களிடமே இதை அளந்திருக்கிறார்கள். சென்னையில் திருமங்கலம், தியாகராய நகர் என்று இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டு டாக்டர் வி.மோகனின் குழு நடத்திய ‘சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வு’, 2000-த்தை ஒட்டி வெளியானது. சர்க்கரை சரியாக இருந்தவர்களில் 9.1 சதவீதம் பேருக்கு இதயக்குழாய் நோய். நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்களில் 14.9. சர்க்கரை நோயாளிகளில் 21.4. ஒவ்வொரு படியிலும் ஏறுகிறது பாருங்கள். அதே ஆய்வில் காலுக்குப் போகும் குழாய்களில் அடைப்பு இருந்தது சர்க்கரை நோயாளிகளில் 6.3 சதவீதத்தினருக்கு, மற்றவர்களில் அதில் பாதிகூட இல்லை. தெற்காசியர்களுக்கு வேறொரு கெடுதலும் சேர்ந்துகொள்கிறது. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், நம் பகுதி மக்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. வண்டி வாங்கிய கடன் முடியாத வயது, பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிற வயது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அதைவிட என்னை உலுக்கியது 2020-ல் தமிழக அரசு எடுத்த கணக்கெடுப்பு. சர்க்கரை நோயாளிகளில் அது கட்டுக்குள் இருப்பவர்கள் 10.8 சதவீதம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் கட்டுக்குள் இருப்பவர்கள் 7.3 சதவீதம்தான். நூறு பேரில் ஏறக்குறைய தொண்ணூறு பேரின் குழாய்ச் சுவர் ஒவ்வொரு நாளும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஊரில் ஒரு சோதனைக்கூடம் எப்போதும் திறந்தே இருக்கிறது. அர்த்தநாரீசுவரர் மலைக்குச் சுமார் 1,200 படிகள். போன வருடம் மூச்சு வாங்காமல் ஏறியவர், இந்த வருடம் இருநூறு படியிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்று உட்கார்கிறார். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. மறுபடி ஏறினால் அதே தூரத்தில் அதே வலி. “வயசாச்சுங்க, இனி கார்ல போயிக்கலாம்” என்று ரோட்டு வழியைப் பிடித்துவிடுகிறார். நடந்தால் வந்து, நின்றால் போய், அதே தூரத்தில் திரும்ப வருகிற கெண்டைக்கால் வலியை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அது காலின் குழாய்கள் சுருங்கியிருப்பதற்கான முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். காலில் குழாய் சுருங்கியவருக்கு இதயத்திலும் கழுத்திலும் அதே சுருக்கம் இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. ராத்திரி படுத்ததும் வருகிற பாத எரிச்சல் வேறு. அது பெரும்பாலும் நரம்பின் வலி.

சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு இந்தக் கெண்டைக்கால் வலியும் தெரிவதில்லை என்பதுதான் கொடுமை. நரம்புக்கு ரத்தம் கொண்டு போகும் நுண்குழாய்கள் கெட்டுவிட்டால் உணர்ச்சி போய்விடும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளருக்கும் தறிக்கார அண்ணனுக்கும் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்.

“அண்ணா, காலக் கொஞ்சம் காட்டுங்க.”

“கால்ல என்னங் அம்மணி இருக்குது? சுகரப் பாத்து மாத்திரயக் குடுத்தீங்கன்னா நாம்பாட்டுக்குத் தறிக்குப் போயிருவேன்.”

“இங்க தோல் கருத்திருக்குதே, வலிக்கலீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் வலிக்கலீங்.”

‘வலிக்கலீங்’ என்ற அந்தப் பதிலில்தான் ஆபத்து இருக்கிறது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை வைத்து டாக்டர்கள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, இழை படும் இடத்தில் ‘ம்’ சொல்ல வேண்டும். உணர்ச்சி போனவருக்குப் பெருவிரலின் அடியில் இழை வளைந்தே போகும், ‘ம்’ வராது. அந்தக் காலில் ஆணி குத்தினாலும், தறிக்கூடத்தில் கிடக்கிற இரும்புத் துண்டு கிழித்தாலும் தெரியாது. ரத்தக்குழாயும் சுருங்கியிருந்தால் அந்தப் புண் ஆறாது.

குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர் மேலே ஒரு நாடி துடிக்கும். உள்கணுக்காலுக்குப் பின்னால் இன்னொன்று. கையால் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதிக்கு, பிரஷர் பட்டையைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, டாப்ளர் கருவியைப் பேனா போலப் பிடித்து வைப்பார்கள். ‘வுஷ்... வுஷ்...’ என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். பட்டையை இறுக்கினால் சத்தம் நிற்கும், தளர்த்தினால் திரும்ப வரும். வரும் இடத்து அளவைக் கையின் பிரஷரால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 0.7. 0.9-க்குக் கீழே போனாலே காலில் அடைப்பு. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் இந்த எண் 1.4-ஐயும் தாண்டும். அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது, அதுவும் நோய்தான். பத்து நிமிடச் சோதனை. ஊருக்கு ஊர் ஸ்கேன் சென்டர்கள் முளைத்திருக்கும் இந்தக் காலத்திலும் இதைச் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகள் சொற்பம் என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது பொதுவான உண்மை. சர்க்கரை நோய் அந்தப் பாதுகாப்பைக் கரைத்துவிடுகிறது. எட்டரை லட்சம் பேரை உள்ளடக்கிய 2014-ம் ஆண்டுத் தொகுப்பாய்வில், சர்க்கரை நோயால் இதய ஆபத்து ஆண்களுக்கு இரு மடங்குக்குச் சற்று மேல். பெண்களுக்கோ ஏறக்குறைய மூன்று மடங்கு. அம்மையும் அப்பனும் ஓருடம்பாக நிற்கிற மலையடிவாரத்தில், நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று ஆண் சொன்னால் உடனே ஈசிஜி, பாவு ஓட்டிவிட்டு வந்த பெண் சொன்னால், “கேஸ் புடிச்சிருக்கும், சோடா குடி.” சர்க்கரை நோயில் நரம்பு மரத்திருப்பதால் மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமலும் வரும். காரணமில்லாத வேர்வை, மூச்சுத் திணறல், திடீர் அசதி, தாடையிலோ மேல்வயிற்றிலோ வலி என்று வந்தாலும் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும்.

சரி, சர்க்கரையை அடித்து இறக்கிவிட்டால் குழாய் பிழைத்துக்கொள்ளுமா? மருத்துவ உலகமும் அப்படித்தான் நம்பியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரம் பேரை வைத்து நடந்த ‘அக்கார்ட்’ ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஹெச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே கொண்டுவரத் தீவிர சிகிச்சை கொடுத்தார்கள். மாரடைப்பு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் தீவிர சிகிச்சை பெற்ற பிரிவில் 257 பேர் இறந்தார்கள், மற்றதில் 203 பேர். 2008-ல் அந்தத் தீவிர சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். நெடுநாள் நோயில் ஏற்கெனவே குழாய் கெட்டவர்களுக்கு எண்ணை மட்டும் துரத்துவது ஆபத்தாகவும் முடியலாம் என்று அது காட்டியது. அதே ஆண்டு, இங்கிலாந்தில் 1977-லிருந்து நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வின் தொடர் முடிவு வந்தது. நோய் கண்டவுடனேயே சர்க்கரையை ஒழுங்காக வைத்தவர்களுக்குப் பத்து ஆண்டு கழித்தும் மாரடைப்பு குறைவாகவே இருந்தது. ஆரம்பத்திலேயே பிடித்தால் குழாய் அந்த நன்மையை நினைவில் வைத்திருக்கிறது. இருபது வருடம் விட்டுவிட்டுக் கடைசியில் இறுக்கினால் பலன் சொற்பம்.

எனக்கு மிகப் பிடித்த ஆய்வு டென்மார்க்கில் நடந்த ஸ்டெனோ-2. வெறும் 160 பேர்தான். அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, சாப்பாடு, நடை, புகை நிறுத்தம் எல்லாவற்றையும் ஒருசேரக் கவனித்தார்கள். எட்டு ஆண்டில் மாரடைப்பு, பக்கவாதம், கால் இழப்பு போன்றவை பாதியாகக் குறைந்தன. 21 ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட ஏறக்குறைய எட்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். அதற்குப் பயன்பட்டவை பெரும்பாலும் நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிற மாத்திரைகள். ஆனால் கொழுப்பு மாத்திரையை ‘கொலஸ்ட்ரால் நார்மல் ஆயிடுச்சு’ என்று நிறுத்துகிறவர்கள் இங்கே எத்தனை பேர்! நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான். சர்க்கரை நோயாளிக்குக் கொழுப்பு மாத்திரை குழாய்ச் சுவருக்கான காவல். அதை நிறுத்துவதும் தொடர்வதும் டாக்டரின் முடிவாகவே இருக்கட்டும்.

புதிய மருந்துகளிலும் நல்ல செய்தி உண்டு. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், இதயநோய் உள்ள சர்க்கரை நோயாளிகளில் இதயநோய்ச் சாவை 38 சதவீதம் குறைத்தது என்று 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதன் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததும், அறுபது ரூபாயை ஒட்டி விற்ற மாத்திரை பல கம்பெனிகளிடமிருந்து பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. தறி ஓட்டுகிறவருக்கும் எட்டுகிற விலை. ஒரு எச்சரிக்கையோடுதான் இதைச் சொல்ல வேண்டும். சிறுநீர் அதிகம் போகும் என்பதால், வெயிலில் ரிக் ஓட்டுகிறவர் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உடம்பு வற்றிவிடும். காய்ச்சல், வாந்தி, பட்டினி என்றால் அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்திவைப்பது பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வண்டிக்காரர் சாப்பிடுகிறார் என்று வாங்கிப் போடுகிற மருந்து இது இல்லை.

நோய் வரும் முன்னே தடுக்க முடியும் என்பதற்கும் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் அ.ராமச்சந்திரன் குழு 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து, 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பார்டர்லைனில் இருந்தவர்களில் சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை கொடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பும் காயும் கூட்டுவது ரிக் சமையலிலும் முடியாத காரியம் இல்லை. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்திலிருந்து கிளம்புகிற வண்டியில் முட்டைக்கா பஞ்சம்?

அரசு தன் பங்குக்குச் சில நல்ல ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ காரைத் தேடி அலைவதற்குள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரைகள் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். ஆனால் வீடு தேடி வரும் மருத்துவம், மூன்று மாதம் வீட்டிலேயே இல்லாதவரை எப்படித் தேடும்? இந்த இடத்தில்தான் ரிக் உரிமையாளர்களும் தறி முதலாளிகளும் கை கொடுக்க வேண்டும். வண்டி வெளிமாநிலம் கிளம்பும் முன் ஏர் ஃபில்டர், ஆயில், டயர், எஃப்.சி. எல்லாம் பார்க்கிறார்கள். அன்றைக்கே வண்டியில் போகும் ஒவ்வொருவருக்கும் பிரஷர், ஹெச்பிஏ1சி, கொழுப்பு, கால் சோதனை நான்கையும் பார்த்துவிடச் சொல்லலாம். வடமாநிலங்களிலிருந்து வந்து வண்டியில் வேலை பார்க்கிற தொழிலாளிகளையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்களும் அதே சோற்றைச் சாப்பிட்டு அதே ராத்திரியை விழிக்கிறவர்கள்தான்.

கிளம்புகிறவர்கள் கொண்டு போக வேண்டியவை சில. திரும்பும் நாள் வரைக்குமான மாத்திரையோடு இன்னும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக. இன்சுலின் போடுகிறவர் என்றால் பயன்பாட்டில் இருக்கும் குப்பியை என்ஜின் சூடு படும் கேபினில் வைக்காமல், ஈரத்துணி சுற்றிய சின்ன மண்பானைக்குள், தண்ணீர் படாத டப்பாவில். ராத்திரி படுக்கும் முன் செல்போன் டார்ச்சில் உள்ளங்கால் இரண்டையும் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்கி, போட்டோ எடுத்துத் தன் போனிலும் வீட்டம்மாவின் போனிலும் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே விற்கிற கம்பெனி மாத்திரை பிகானேரிலோ போபாலிலோ கிடைக்காமல் போகலாம். மூலப்பெயரைக் காட்டினால் அங்குள்ள மெடிக்கல் கடைக்காரரும் அதே மருந்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்.